விரல்ல மாட்டுற கிளிப்பும் 94-ங்கிற கோடும்

2021 மே கடைசி. தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை, சென்னையைத் தாண்டிப் போன நாட்கள். அந்த வாரங்களில் வீட்டுக்கு வீடு ஓர் எண் பேசப்பட்டது: 94. விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பாருங்க. 94 இருந்தா வீட்டிலேயே இருங்க, அதுக்குக் கீழே போனா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. இது வாட்ஸ்அப்பில் கிளம்பிய கணக்கு இல்லை. அந்த ஏப்ரலில் எய்ம்ஸும் ஐ.சி.எம்.ஆரும் வெளியிட்ட வழிகாட்டியிலேயே 90 முதல் 93 வரை மிதமான நோய், 90-க்குக் கீழே தீவிரம் என்று இருந்தது.

கோடு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா அளக்குற கருவி எல்லாரையும் ஒரே மாதிரி அளக்குதா?

கருவி ரத்தத்தைத் தொடுவதே இல்லை. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியாக அனுப்புகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும்; ஏறாதது சிவப்பை. இந்த இரண்டின் விகிதத்தை ஓர் அட்டவணையில் ஒப்பிட்டுத்தான் '96' என்று காட்டுகிறது.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமானவர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்து, விகிதத்தோடு பொருத்திய கணக்கு அது. மெலனினும் ஒளியை உறிஞ்சும். அப்ப, சோதனைக்கு வந்தவங்க யாருங்கிறது முக்கியம். அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டி கேட்டது குறைந்தது 10 பேர். அதில் கருந்தோல் உள்ளவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம். எங்க துறையில் இரண்டே டெஸ்ட் கேஸ் ஓட்டிட்டு ரிலீஸ் பண்ணினா மேனேஜர் சும்மா விடமாட்டார்.

விளைவு 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. மிச்சிகன் மருத்துவர்கள் கருவி காட்டிய அளவையும், பத்து நிமிடத்துக்குள் எடுத்த தமனி ரத்த அளவையும் ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்த அளவுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். இந்த எண்களை அப்படியே நம்ம தோலுக்குப் பொருத்த முடியாது. ஆனா கேள்வி நமக்கும் உண்டு.

பிரச்சினை கிளிப்போடு நிற்பதில்லை. வார்டில் நோயாளியைக் கண்காணிக்கும் முன்னெச்சரிக்கைக் கணக்குகளுக்கு இதுதான் உள்ளீடு. பிரிட்டனின் நியூஸ்-2 மதிப்பெண்ணை நீங்களே போட்டுப் பாருங்க. மூச்சு நிமிடத்துக்கு 22 (2 மதிப்பெண்), நாடித்துடிப்பு 95 (1), காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரி, நினைவு தெளிவு, வெளி ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் அளவு 94 என்றால் இன்னும் 1, மொத்தம் 4. உண்மையான அளவு 91 என்றால் 3; மொத்தம் 6. 5-ஐத் தொட்டால் அவசரமாக மருத்துவர் பார்க்கணும், மணிக்கொரு முறை அளக்கணும். 4 என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். சூத்திரத்தில் தோல் நிறம் எங்குமே இல்லை. ஆனாலும் பாரபட்சம் உள்ளே வந்துடுச்சு, சென்சார் வழியாக.

அதனால்தான் "எங்க ஏ.ஐ. மாடல் இனம், நிறம் எதையும் பார்க்காது" என்று யாராவது விற்க வந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. அந்தக் காலத்தை நீக்கிவிட்டால் டேட்டா சுத்தமாகிவிடாது. தாமதமாகக் கவனிக்கப்பட்டவர் பதிவில் 'லேசான நோயாளி' என்று இருப்பார். மாடல் அதையே பாடமாகப் படிக்கும்.

சரி, கருந்தோல் என்றால் மூணு புள்ளி கழிச்சுடலாமா? கூடாதுங்க. பிழை எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. கருந்தோல் உள்ள பலருக்குக் கருவி சரியாகவே காட்டும். மொத்தமாகக் கழித்தால் பொய் அலாரம்தான் பெருகும்.

செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, மூச்சை எண்ணுவது. அதே 2021 வழிகாட்டியில் நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும் மிதமான நோய்தான். 93-க்கு இணையான அறிகுறி. அதை எண்ண ஒரு கடிகாரம் போதும், தோல் நிறம் குறுக்கே வராது. ஆனா அன்னைக்கு எல்லாரும் கேட்டது "எத்தனை காட்டுது?" என்றுதான்.

இரண்டு, நம்ம ஊரிலேயே அளப்பது. ஐ.சி.யு. உள்ள மருத்துவமனைகளில் தமனி ரத்தப் பரிசோதனை வழக்கமாக நடக்கிறது. அதே நேரத்தில் மானிட்டர் காட்டிய எண்ணும் பதிவில் இருக்கும். தோல் நிறத்தையும் ஒரு அளவுகோல்படி குறித்து, மூன்றையும் ஓர் எக்செல் ஷீட்டில் சேர்த்தால், எந்த நிறத்தில் எத்தனை பேரைக் கருவி தவறவிட்டது என்று தெரிந்துவிடும்.

மூன்று, வாங்கும்போது கேட்பது. மொத்தத் துல்லியம் 95 சதவீதம் என்றால் அதோடு விடாதீங்க. தவறிய 5 சதவீதம் யார் என்று கேளுங்க. எஃப்.டி.ஏ.வே 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் சோதனைக்கு 150 பேராவது வேண்டும், எல்லாத் தோல் நிறமும் வேண்டும் என்கிறது. கோவையில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை, மென்பொருள் ஆட்களுக்கும் குறைவில்லை. இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், இந்தக் கணக்கை நாமே போட்டுவிடலாம்.