இஞ்சினும் மூச்சு விட வேண்டும்

வேகப் பிரியர்களின் டர்போ கார் பானெட்டைத் திறந்தால், ஓரத்தில் நீலமோ சிவப்போ நிறத்தில் ஓர் அலுமினிய டப்பா பளபளக்கும். அதுதான் ஆயில் கேட்ச் டேங்க். எதற்கு என்று கேட்டால், “இஞ்சினுக்கு நல்லது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நல்லதுதான். ஆனால் அரைகுறையாகப் பொருத்தினால் அதுவே இஞ்சினுக்கு எமன்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி, கீழே கிராங்க் சுழலும் அறைக்குள் கசிந்துவிடும். புது இஞ்சினிலும் இது உண்டு. எரியாத பெட்ரோல், நீராவி, அமிலம் எல்லாம் அதில் கலந்திருக்கும். வெளியேற வழி இல்லையென்றால் எண்ணெய் கெட்டுக் களியாகும். அழுத்தம் ஏறி ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளும். பழைய கார்களில் இந்தப் புகையை ஒரு குழாய் வழியே நேரே சாலையில் விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய பிறகுதான் கலிபோர்னியா விழித்துக்கொண்டது. 1961ஆம் ஆண்டு மாடல் முதல் அங்கு விற்ற புதுக் கார்களில் பிசிவி வால்வு வந்தது. இஞ்சினே அந்தப் புகையை மறுபடி உறிஞ்சி எரித்துவிடும்.

சாதாரணக் காருக்கு இது போதும். டர்போ வேலை செய்யும்போது கதை வேறு. காற்று உறிஞ்சும் பக்கமே அழுத்தத்தில் இருப்பதால் பிசிவி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது புகை இன்னொரு குழாய் வழியாக டர்போவின் வாய்க்குப் போகும். கூடவே எண்ணெய்த் துளிகளும் போய் இண்டர்கூலரில் படியும். எரிவாயிலில் எண்ணெய் கலந்தால் இஞ்சின் ‘நாக்’ அடிக்கும். கணினி உடனே சக்தியைக் குறைத்துவிடும். நேரடிப் பெட்ரோல் பாய்ச்சும் இஞ்சின்களில் இன்னொரு தொல்லை. இண்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது என்பதால் எண்ணெய் கரியாக இறுகும்.

நடுவில் நின்று எண்ணெயைப் பிடித்து வைப்பதுதான் அந்த டப்பாவின் வேலை. உள்ளே தடுப்போ கம்பி வலையோ இருந்தால்தான் துளிகள் ஒட்டும். மலிவு விலை டப்பாக்கள் பலவற்றில் உள்ளே வெறும் காற்றுதான்! குழாய் ஒடுங்கியதாகவோ மடங்கியோ இருந்தால் இன்னும் மோசம். புகை போக வழியின்றி அழுத்தம் ஏறும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டர்போவுக்குப் போகும் எண்ணெய் தானாகவே கீழே வடிந்து இறங்க வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் இறங்காது. டர்போ சீல் வழியே கசிந்து நீலப் புகை கக்கும். “டர்போ போச்சு” என்று போர்மன் சொல்வார். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து மாற்றுவார்கள். புதுசும் சில மாதத்தில் புகைக்கும். அடைத்த பிசிவி வால்வை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பல கார்களில் அதன் விலை நூறு ரிங்கிட்டைக்கூடத் தாண்டாது.

சிப்பாங் பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டு போகிறவர்களுக்கு வேறொரு கவலையும் வேண்டும். 5, 6ஆம் வளைவுகள் நீளமானவை, வேகமானவை. எண்ணெய் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங் தேய்ந்துபோகச் சில விநாடிகள் போதும். இதைக் கேட்ச் டேங்க் தடுக்காது. எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வேண்டும். பயந்துகொண்டு எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. கிராங்க் அதை அடித்து நுரையாக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் தடித்த அட்டை ஒன்றை வையுங்கள். பெரும்பாலான கார்களில் அது லேசாக உள்ளிழுக்கப்படும். புகையோடு அட்டை எகிறினால் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு அடைத்திருக்கலாம். விசில் சத்தத்தோடு பலமாக இழுத்தால் வால்வின் ரப்பர் கிழிந்திருக்கலாம். டேங்க் பொருத்தியவர்கள் ஒவ்வொரு சர்வீசிலும் அதை வடிக்க வேண்டும். உத்தரவாதம் முடியாத கார் என்றால், பொருத்துவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.