வீட்டோடு கிளம்பும் தம்பதிகள்... சக்கரத்தில் குடித்தனம் சரிப்படுமா?

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். யார் வீட்டில் ஊருக்குக் கிளம்பினாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான். `கேஸை மூடியாச்சா, மோட்டாரை ஆஃப் பண்ணியாச்சா' என்று கேட்டுவிட்டு, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார்கள். அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி என எல்லாவற்றையும் வண்டிக்குள் வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஊர் ஊராகப் போகும் தம்பதிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால், வேறு கவலைகள் உண்டு!

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அமெரிக்காவில் இதை ஆர்.வி என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற பிறகு இப்படிக் கிளம்பும் பெரியவர்களுக்கு `கிரே நோமட்ஸ்' என்று செல்லப் பெயரே உண்டு. பக்கத்தில் கேரளா, 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பிள்ளைகள் செட்டிலாகிவிட்ட நம் ஊர் தம்பதிகள் சிலருக்கும் `நாமும் கிளம்பினால் என்ன?' என்ற ஆசை எட்டிப் பார்க்கிறது.

திண்டுக்கல் சமவெளிக்கு ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை ஒன்றும் புதிதல்ல. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட, ஆடுகளோடு இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை இந்தப் பக்கம் இன்றும் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு முன்பு பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு, சில நாள்களுக்குச் சாலையோரம்தான் வீடு. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44-ம் திண்டுக்கல் வழியாகத்தான் போகிறது.

முன்னே போனவர்கள்

கேரளாவின் ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜலஜா - ரதீஷ் தம்பதி போவது சொகுசு கேரவனில் அல்ல, சரக்கு லாரியில். குடும்பத்துக்கே லாரி தொழில். கனரக வாகன லைசென்ஸ் எடுத்த ஜலஜா, 2022-ல் கணவரோடு காஷ்மீர் வரை லாரி ஓட்டினார். மாறி மாறி ஓட்டுவது, வழியில் சமைப்பது, கேபினிலேயே தூங்குவது என்று அவர்கள் போடும் வீடியோக்களுக்கு ரசிகர்கள் ஏராளம். இங்கே மனைவி `கூட வருகிறவர்' அல்ல, ஸ்டீயரிங் அவர் கையிலும் இருக்கிறது.

கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன் - மோகனா தம்பதியின் வழி வேறு. கடை வருமானத்தில் தினமும் 300 ரூபாய் எடுத்துவைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கி வெளிநாடு போவார்கள். திரும்பி வந்து, டீ விற்றே கடனை அடைப்பார்கள். 2007-ல் தொடங்கி 26 நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். 2021-ல் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். `அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டிருந்தால், இருவரும் சேர்ந்து எதையும் பார்த்திருக்க முடியாது.

குடம் கணக்கு, கரன்ட் கணக்கு

வண்டி வாழ்க்கையில் முதல் பாடம் தண்ணீர். 100 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாளிக் குளியலுக்கு 30 லிட்டர், குடிக்க, சமைக்க 10, பாத்திரத்துக்கு 10. இரண்டே நாளில் தொட்டி காலி. குடத்தோடு குழாயடியில் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தச் சிக்கனம் கைவந்த கலைதான். குடிக்கத் தனி கேன் வைத்துக்கொள்வது நல்லது. அழுக்குத் தண்ணீரையும் கழிவறைத் தொட்டியையும் ரோட்டோரத்தில் திறந்துவிடக் கூடாது.

அடுத்தது கரன்ட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1.2 யூனிட் இருக்கும். 30 வாட் ஃபேன் இரவு முழுக்க ஓடினாலும் 0.3 யூனிட்தான். ஆனால், ஒரு டன் ஏ.சி போட்டால் ஒரு மணி நேரத்திலேயே பேட்டரி படுத்துவிடும். திண்டுக்கல் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் உட்கார முடியாது. புளியமர நிழல் பார்த்து நிறுத்துவதும், வெயில் ஏறும் முன்பே சமையலை முடிப்பதும்தான் வழி.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். வண்டி நகரும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தூங்கும் முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

காகிதங்கள் முக்கியம்

பழைய வேனை வாங்கி, கட்டில் அடித்துக் கிளம்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆர்.சி-யில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத மாற்றம், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸுக்கும் சிக்கலாகலாம். 55 வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பித்தால் 5 ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். இருவருக்கும் ஓட்டத் தெரிந்திருந்தால், ஒருவருக்கு நெஞ்சுவலி என்றாலும் இன்னொருவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்.

பென்ஷன் வாங்குபவர்கள் உயிர்வாழ் சான்றிதழை செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். பிரஷர், சுகர் மாத்திரைகளோடு மருந்துச் சீட்டின் நகலும் பையில் இருக்கட்டும்.

யாருக்கு விடுமுறை?

கணக்கெல்லாம் சரியாக வந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வீடே கூட வருகிறதென்றால், வீட்டு வேலையும் கூட வருகிறது. கணவர் ஓட்டுகிறார், வேடிக்கை பார்க்கிறார், ஃபோட்டோ எடுக்கிறார். மனைவி அரை ஆள் நிற்கும் இடத்தில் சாம்பார் வைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், கொடி கட்டித் துணி காயப் போடுகிறார் என்றால், அது ஒருவருக்குச் சுற்றுலா, இன்னொருவருக்குச் சின்ன சமையலறை. அவ்வளவுதான்.

வண்டியில் கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறை கிடையாது. அதனால் கிளம்பும் முன்பே பேசிவிடுவது நல்லது. `ஒருநாள் நீங்க சமைங்க, ஒருநாள் நான்' என்பதோ, `ராத்திரிக்கு மெஸ்ஸில் சாப்பாடு' என்பதோ, எதுவானாலும் சரி. தினமும் ஒரு மணி நேரம் தனித்தனியாக நடக்கப் போவதும் உதவும்.

மூன்று நாள் ஒத்திகை

வீட்டை விற்றுவிட்டு வண்டி வாங்கும் முன், வாடகை வண்டியில் மூன்று நாள் இருந்து பார்க்கலாம். அதற்குத் திண்டுக்கல் சமவெளி தோதான இடம். முதல் நாள் காலை வெயிலுக்கு முன் மலைக்கோட்டை ஏறிவிட்டு, மாலையில் ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கம் போகலாம். இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு பழனி. மூன்றாம் நாள் வத்தலக்குண்டு வழியாக நிலக்கோட்டைக்குப் போனால் மல்லிகை வாசம் வரவேற்கும். கொடைக்கானல் ஏற நினைத்தால், 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளைப் பெரிய வண்டியில் முதல் பயணத்திலேயே முயல வேண்டாம். இரவில் ஆளில்லாத இடத்தில் ஒதுங்காமல், லாட்ஜ் வளாகத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ கேட்டு நிறுத்துவது பாதுகாப்பு.

மூன்றாம் நாள் இரவு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்: `நாளைக்கும் போகலாமா?' இரண்டு பேர் வாயிலிருந்தும் `போகலாம்' என்று வந்தால், அடுத்த பயணத்தை ஒரு மாதமாக நீட்டலாம். ஒருவர் தயங்கினால், வருடத்துக்கு இரண்டு பயணம் போதும்.

எப்படியானாலும் சொந்த வீட்டை அவசரப்பட்டு விற்க வேண்டாம். முழங்கால் வலிக்கும் நாளில் திரும்பி வர ஒரு வாசல் வேண்டும். நல்லதாக ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிப் பூட்டுங்கள். சாவி மட்டும் இரண்டு பேரிடமும் இருக்கட்டும்!