ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகள்

தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நமது அங்கத்தினர்களின் பிள்ளைகளில் சிலர் இன்று மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்கின்றனர். அப்படிப்பில் வகுப்பறை ஒரு பாதியென்றால், ஆஸ்பத்திரியில் பெறும் செயல்முறைப் பயிற்சி மறு பாதி. ஒரு நெசவாளர் சங்கத்திற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் என்னிடம், "ஐயா, அடுத்த மாதம் என் மகள் பயிற்சிக்குப் போகிறாள். அங்கே நல்ல பெயர் எடுக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். கூட்டுறவு ஆய்வாளனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் எண்ணினேன். பிறகு என் அண்ணன் மகள் அதே பயிற்சியில் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

அவளுக்கு முதல் வாரத்தில் கிடைத்த வேலை, நோயாளிகளின் உடற்சூட்டையும் நாடியையும் கண்டு குறிப்பது. வார்டில் 30 கட்டில்கள். மூத்த மாணவி ஒருத்தி நாற்காலியை விட்டு எழாமலே எல்லோருக்கும் 98.4 என்று எழுதிக்கொண்டு போனாள். இவளோ ஒவ்வொரு நாடியையும் ஒரு முழு நிமிஷம் எண்ணினாள், வேலை முடியவில்லை, 'மந்தம்' என்று வசவு கிடைத்தது. மூன்றாம் நாள் காலை இவளும் நான்கு கட்டில்களுக்கு அளக்காமலே எழுதிவிட்டாள். அவற்றில் ஒன்று, வயிற்றில் அறுவை செய்துகொண்டு படுத்திருந்த ஓர் அம்மாளுடையது. மனம் கேளாமல் மாலையில் மீண்டும் சென்று அளந்தாள். 102 டிகிரி. தலைமைத் தாதியிடம் ஓடி, "சிஸ்டர், காலையில் எழுதியது பொய்; நான் அளக்கவில்லை" என்று ஒப்புக்கொண்டாள். கடிந்து பேசினார்கள்தாம். ஆனால் புண்ணில் சீழ் கட்டியிருந்தது அன்றிரவே கண்டுபிடிக்கப்பட்டது.

இருப்புப் பதிவேட்டில் ஒரு மாதத்துப் பதிவுகள் அனைத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கக் கண்டால் எனக்கு உடனே ஐயம் பிறக்கும். நம் பதிவேட்டில் பொய் எழுதினால் நூல் போகும், பணம் போகும். அவற்றை மீட்க வழியுண்டு. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டை அத்தகையதன்று. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிந்த பின்னரே நாடாவை ஓட்டுகிறோம். பயிற்சி மாணவரும் அளக்கவில்லையெனில் இடத்தை வெறுமையாக விட்டு, அதை உரியவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அளப்பதிலும் முறையுண்டு. இரத்த அழுத்தம் பார்க்குமுன் நோயாளி 5 நிமிஷம் முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றிப் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையைச் சட்டையின் மேல் சுற்றலாகாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தமும் இருப்பதுபோல் காட்டும்.

கை கழுவுதலை அற்பமாக எண்ணுவோர் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததை அறிதல் நன்று. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பயின்ற பிரிவிலேதான் தாய்மார் மிகுதியாக மாண்டனர். பிணத்தை அறுத்துப் பயின்ற கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டு, 1847-ஆம் ஆண்டில் குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2-ஐ ஒட்டி இறங்கியது. கற்க வந்தவர்களின் கைகளே கொன்றன என்பதை அன்று பலர் ஏற்க மறுத்தனர்.

ஊசி விஷயத்தில் தயக்கம் கூடாது. போட்ட ஊசிக்கு மீண்டும் மூடி பொருத்தக் கூடாது. துளைபடாத வெள்ளைப் பெட்டியில் உடனே போட்டுவிட வேண்டும். தவறிக் குத்திவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அப்போதே மேலாளரிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டியிருந்தால் சில மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்திற்குப் பின் பயனில்லை. திட்டுக்கு அஞ்சி மறைத்த பிள்ளைகள் உண்டு. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முடிய 6 மாதமாகும். ஆகவே படிப்பில் சேர்ந்தவுடனேயே தொடங்க வேண்டும்.

அந்த அங்கத்தினரிடம் தடுப்பூசியைப் பற்றிச் சொன்னேன். "முதல் இரண்டு தவணையும் போட்டாயிற்று, ஐயா" என்றார். "அப்படியானால் விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், நாடி எண்ண வேண்டும்" என்றேன். அன்று மாலை நெசவுக் கூலி பட்டுவாடா ஆனதும் அவர் நேரே கடைவீதிக்குப் புறப்பட்டார்.