கால்வாய்க் கரையில் மூன்று நாள்

புனேயின் 202 கி.மீ. நீர்வழியில் சைக்கிளில் போக ஆசையா? கூடாரத்தைவிட முன்யோசனை முக்கியம்.

போசரியில் வியாழக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்பேட்டையின் பல பட்டறைகளுக்கு அன்றுதான் வார விடுமுறை. ஷிஃப்ட் முடிந்ததும் ஆலை வாசல்களிலிருந்து சைக்கிள்கள் அலை அலையாகக் கிளம்பிய காலம் ஒன்று இருந்தது. ‘சைக்கிள் நகரம்’ என்று பெயரெடுத்த புனேயில் இன்று அந்த இடம் மோட்டார் சைக்கிள்களுக்கு. வேலைக்குப் போகச் சைக்கிளைக் கைவிட்டவர்கள், இப்போது ஊர் சுற்ற அதைத் தேடுகிறார்கள். இரண்டு நாள் லீவு சேர்த்துப் போட்டால், வியாழனையும் கூட்டி மூன்று நாள். எங்கே போகலாம்?

பதில் நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. கடக்வாஸ்லா அணையில் தொடங்கும் முட்டா வலதுகரைக் கால்வாய், ஸ்வர்கேட், ஹடப்ஸர் வழியாகப் புனேயைக் கடந்து, தௌண்ட் வட்டத்தின் கரும்புக்குத் தண்ணீர் கொடுத்து, இந்தாப்பூர் வரை 202 கி.மீ. நீள்கிறது. 1860களில் ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் ஃபைஃப் திட்டமிட்ட அணை இது. அன்றைய கால்வாய் பாட்டஸ் வரை சுமார் 112 கி.மீ.தான். 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லாவும் உடைந்தது. பிறகு திருப்பிக் கட்டினார்கள்.

கால்வாய்ப் பயணத்தின் பெரிய வசதி, மேடு பள்ளம் இல்லாதது. தண்ணீர் ஒரே சீராகச் சரிந்து ஓட வேண்டும் என்பதால் குன்றுகளை வளைத்து வளைத்தே கால்வாய் வெட்டுகிறார்கள். மூட்டை கட்டிய சைக்கிளுக்கு இதைவிட இதமான பாதை கிடையாது. ஆனால் தூரம் கூடும். நெடுஞ்சாலைக் கணக்கில் போட்ட திட்டம் கரையில் செல்லாது. ஒரு நாளைக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அனுமதி. கரையில் இருப்பது பொதுச் சாலை அல்ல. நீர்வளத் துறையின் ஜீப்புகள் ஆய்வுக்குப் போவதற்காகப் போட்ட மண் பாதை. புனே சிஞ்சன் பவனில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் கேட்பதே முறை. அப்படியே ‘ஆவர்த்தன்’ எப்போது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு மராத்தியில் அதுதான் பெயர். நீர் ஓடும் நாட்களில் கரை அழகு, ஆபத்தும் அப்போதுதான். சிமென்ட் பூசிய சரிவில் வழுக்கி விழுந்தால், நீச்சல் தெரிந்தவர்கூட ஏறி வருவது கடினம். பொழுது சாய்ந்த பிறகு கரையில் சைக்கிள் மிதிக்கவே கூடாது.

இனி பாதை. போசரியிலிருந்து கடக்வாஸ்லா 30 கி.மீ.க்குச் சற்று மேல். நகருக்குள் கரையை ஒட்டிக் குடிசைகளும் சுவர்களும் நெருக்குவதால், ஹடப்ஸர் வரை சாலையே கதி. முதல் இரவு தேவூரில். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்று. பேஷ்வா மாதவராவ் 1772ல் இறந்த ஊர். மறுநாள் உருளி காஞ்சன், யவத் வழியாகப் பாட்டஸ். உருளி காஞ்சனில் காந்தி 1946ல் தொடங்கிய இயற்கை மருத்துவ ஆசிரமம் இருக்கிறது. மூன்றாம் நாள் கால்வாயை விட்டு விலகி பிக்வண். குளிர்காலமானால் உஜனி அணையின் தேங்குநீரில் பூநாரைக் கூட்டம் காத்திருக்கும். திரும்புவதற்கு ரயில் உண்டு. சைக்கிளை பார்சலில் போட்டுவிடலாம்.

கூடாரம் எங்கே அடிப்பது? கரும்புத் தோட்ட ஓரத்தில் வேண்டாம். புனே மாவட்டக் கரும்புக் காடுகளில் சிறுத்தைகள் குட்டி போட்டு வாழ்கின்றன. ஊருக்குள் கோயில் மண்டபமோ பள்ளித் திண்ணையோ கேட்டுத் தங்குவதே மேல். கேட்டால் மறுப்பது அபூர்வம். காரணம் இருக்கிறது: ஆஷாட மாதத்தில் துக்காராமின் பாதுகைப் பல்லக்கு தேஹுவிலிருந்து பண்டரிபுரம் போகும்போது லோணி காள்போர், யவத், வர்வண்ட் ஆகிய ஊர்களில்தான் இரவு தங்குகிறது. வழிப்போக்கருக்கு இடமும் பாக்ரியும் கொடுப்பது இந்த ஊர்களுக்குப் பழகிய தர்மம்.

குடிநீர் தனிக் கணக்கு. கால்வாய் நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம். ஹடப்ஸர் அருகே முண்ட்வாவிலிருந்து நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரைப் பாசனத்துக்காக இதில் ஏற்றுகிறார்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் சுமந்து, ஊருக்கு ஊர் நிரப்பிக்கொள்ள வேண்டும். கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும்: இரண்டு ட்யூப், ஒட்டுப்போடும் சாமான், பம்ப் அவசியம். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். இரவில் கம்பளி தேவைப்படும்.

போவதானால் சீக்கிரம் போக வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. 2018 செப்டம்பர் 27 அன்று தாண்டேகர் பாலம் அருகே கால்வாய்ச் சுவர் உடைந்து ஏழைகளின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எலிகளும் நண்டுகளும் கரையைத் துளைத்துவிட்டதாக அமைச்சர் சொன்னதை ஊரே கேலி செய்தது. கடக்வாஸ்லாவிலிருந்து ஃபுர்சுங்கி வரை கால்வாய்க்குப் பதிலாகச் சுரங்கம் அமைக்கும் திட்டம் வெகுகாலமாகப் பேசப்படுகிறது. கசிவும் திருட்டும் ஆவியாதலும் குறையும். மிச்சமாகும் தண்ணீர் லாபம். ஆனால் நகருக்குள் காலியாகும் நிலத்தில் என்ன வரும்? கார்களுக்குச் சாலை என்ற யோசனை ஏற்கெனவே உண்டு.

இதே கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. வாஷிங்டன் அருகே கைவிடப்பட்ட செசபீக்-ஒஹையோ கால்வாய்க் கரையில் கார் சாலை போட அரசு நினைத்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954ல் பத்திரிகைக்காரர்களையும் அழைத்துக்கொண்டு கரை நெடுக நடந்தார். சாலை வரவில்லை. 1971ல் அது தேசியப் பூங்காவானது. இன்று 297 கி.மீ. பாதையில் சைக்கிள்காரர்கள் இலவசமாகத் தங்க இடங்கள் உள்ளன.

புனேயில் அந்த அளவுக்குக் கேட்க வேண்டியதில்லை. பத்து கி.மீ.க்கு ஒரு அடிபம்பு, நிழலுக்கு ஒரு மரம், நகருக்குள் ஒரு சைக்கிள் தடம் போதும். ஆனால் யாரும் போகாத பாதைக்காக யாரும் வாதாட மாட்டார்கள். முதலில் சில சைக்கிள்களாவது அந்தக் கரையில் தென்பட வேண்டும்.