பிளாஸ்டிக்கில் மர வரி

முதல் உலகப் போரில், 1917-இல் களமிறங்கிய ஜெர்மனியின் அல்பட்ரோஸ் D.V விமானத்தின் உடல் மெல்லிய பிளைவுட்டால் ஆனது. பல விமானங்களில் உடல்பகுதிக்கு வார்னிஷ் மட்டுமே பூசியிருந்ததால், வைக்கோல் மஞ்சளில் மரம் அப்படியே தெரியும். அதே விமானத்தின் சிறு உருவைச் செய்ய விற்கும் கிட்டில் இருப்பதோ வழவழப்பான பிளாஸ்டிக். அதை மரம் என்று நம்பவைப்பது முழுக்க வண்ணத்தின் வேலை.

உண்மையான மரச் சீவலையே ஒட்டிவிடலாமே என்று தோன்றும். அளவு இடம் கொடுக்காது. பால்சா பலகையில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் வரிகள், 1:48 மாடலில் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சமம். வளையத்துக்கு வளையம் அவ்வளவு பருக்கும் மரம் கிடையாது. மரத்திலேயே கப்பல் மாடல் செய்பவர்கள் பேரி, பாக்ஸ்வுட் போன்ற வரி நெருங்கிய மரங்களைத் தேடிப் போவது இதனால்தான். கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு சிக்கல். நிஜப் பலகையில் 3 மில்லிமீட்டர் இடைவெளி, மாடலில் 0.06 மில்லிமீட்டர்; ஒரு தலைமுடியின் பருமன். அவ்வளவு நெருங்கிய வரிகள் கண்ணுக்குத் தனித்தனியாகப் பிடிபடாது. ஆக, மாடலில் தெரிகிற எந்த வரியும் கொஞ்சம் கூட்டிச் சொன்ன பொய்தான். எவ்வளவு கூட்டலாம் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

பரவலான முறை ஆயில் பெயிண்ட். முதலில் வெளிர் மஞ்சள் பழுப்பில் அக்ரிலிக் பூச்சு. மரத்தின் மிக வெளிறிய நிறம் எதுவோ அதுவே அடிநிறம். அது நன்றாகக் காய்ந்தபின், ரா சியன்னா, பர்ன்ட் அம்பர் போன்ற ஆயில் வண்ணத்தை மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் விட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த முரட்டுப் பிரஷ்ஷால் பலகையின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். பிரஷ்ஷின் மயிர்கள் வண்ணத்தை வாரிச் செல்லும் தடமே வரியாகிவிடும். இழுக்கும்போது கை லேசாக அசைந்தால் வரி வளையும், அது நல்லதே. பிடிக்கவில்லை என்றால் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடலாம், அடியிலுள்ள காய்ந்த அக்ரிலிக் அசையாது. ஆயில் காய நாள்கணக்கில் ஆகும். பொறுத்திருந்து, மேலே மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த தெளிவான வார்னிஷ் பூசினால் பழைய விமானத்தின் தேன் நிறம் வரும்.

நம்பகத்தன்மை பெரும்பாலும் வரியில் இல்லை, பலகைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் இருக்கிறது. பக்கத்துப் பலகை வேறொரு மரத்திலிருந்து வந்திருக்கும். நிறம் ஒரு சாயலாவது மாறியாக வேண்டும். அதனால் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒவ்வொன்றாகத் தீட்டுகிறார்கள். போர்க்கப்பலின் தேக்குத் தளத்தை 1:350 அளவில் செய்யும்போது 15 சென்டிமீட்டர் பலகை அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அங்கே வரி போடுவது வீண். நிற வேறுபாடு மட்டும் போதும். அறுத்த முனையிலும் பலர் நீளவரியை இழுத்துவிடுகிறார்கள். கட்டையின் முனையில் தெரிவது வளையங்களின் வில்வடிவத் துண்டுகள்தான்.

1:35 அளவிலான ராணுவ லாரியின் பின்தட்டு போன்றவற்றில் வண்ணத்துக்கு முன் பிளாஸ்டிக்கையே கீறலாம். நுண்பல் ரம்பத்தின் விளிம்பையோ கம்பி பிரஷ்ஷையோ நீளவாக்கில் இழுத்து, எழும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். வெயிலில் கிடந்த மரத்துக்குப் பழுப்பு பொருந்தாது. சூரிய ஒளியில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சிதைந்து, மழையில் கழுவப்பட்டு, மேற்பரப்பு சாம்பல் நிறமாகிவிடும்.

வரி அச்சிட்ட ஒட்டுத்தாள்களும் கடைகளில் உண்டு. தட்டையான பரப்பில் அழகாக உட்காரும். விமான மூக்கு போன்ற வளைவுகளில் சுருங்கும்.

கை நீட்டும் தூரத்தில் மாடலைப் பிடித்துப் பார்க்கும்போது மரம் தெரியாமல் வரி மட்டும் கண்ணில் குத்தினால், வேலை மிகையாகிவிட்டது என்று பொருள். ஆயில் காய்வதற்குள் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பதே நல்லது.