குடற்புண்ணும் அமிலம் தணிக்கும் மருந்தும்



பேராக் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் பலர், இன்று ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். மூட்டுவலியும் நெஞ்செரிச்சலும் அவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் குறைகள். இவ்விரண்டிற்கும் தொடர்புண்டு என்பதைப் பலர் அறியார். 1970-களில் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவன் என்ற முறையில் அதனை விளக்க விழைகிறேன்.

உணவைச் செரிக்க நம் இரைப்பை கடுமையான அமிலத்தைச் சுரக்கிறது. அது இரைப்பையையே அரித்துவிடாதபடி, உட்சுவரின்மேல் சளிப்படலம் ஒன்று கவசம்போல் படிந்துள்ளது. இக்கவசத்தைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டைக்லோபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை இவை குறைக்கின்றன. கவசத்தைக் காப்பதும் அதே பொருள்தான். மற்றொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இதனை வளர்த்துக் காட்டிய பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியரிடையும் சீனரிடையும் இக்கிருமி அதிகம் என ஆய்வுகள் காட்டியுள்ளன.

அன்று நாங்கள் கொடுத்த வெள்ளை மிக்ஸ்சர், சுரந்துவிட்ட அமிலத்தைச் சற்று நேரம் முறிக்கும், அவ்வளவே. 1988-இல் விற்பனைக்கு வந்த ஒமெப்ரசோல் வேறு வகை. இது புண்ணின்மேல் பூச்சாகப் படிவதில்லை. இரத்தத்தின் வழியே சென்று, இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகளைப் பூட்டிவிடுகிறது. அமிலம் குறையவே, அரிபட்ட சுவர் தானே ஆறுகிறது. உண்ணும் வேளையில்தான் பம்புகள் மிகுதியாக இயங்கும். ஆகவே, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாக மாத்திரையை விழுங்குவதே பயன் தரும்.

ஆயினும், மூல காரணம் நீங்காவிடில் புண் திரும்பவும் வரும். கிருமி இருப்பின் ஆன்டிபயாடிக் மருந்தும் சேர வேண்டும்; மூச்சுப் பரிசோதனையிலேயே அதனைக் கண்டுகொள்ளலாம். வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி உண்ணாதீர்கள். இருதயத்துக்காக ஆஸ்பிரின் உண்பவர்களோ அதனைத் தாமாக நிறுத்தலாகாது. இரைப்பைக் காப்பு மருந்து தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். அமிலம் தணிக்கும் மருந்தையும் அவர் சொன்ன காலத்துக்கு மேல் தொடர வேண்டாம். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பர். அது இரைப்பைச் சுவருக்கும் பொருந்தும். வீட்டிலுள்ள பெரியவர்களின் மருந்துப் பையை இன்றே ஒருமுறை பாருங்கள். அனைவரும் நலமுடன் வாழ்வோமாக!