ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படுத்துக் கிடக்கலாமா?

மும்பையில் ஜனவரி மாதம் மாரத்தான் ஓட்டம் நடப்பது வாசகர்களுக்குத் தெரியும். 2004–ம் ஆண்டு தொடங்கியது. முழு ஓட்டத்தின் தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ரெயில் நிலையங்களில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஓடியவர்கள் மேம்பாலத்தில் எப்படியோ ஏறி விடுகிறார்கள். இறங்கத்தான் முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள்.

மாரத்தான் ஓடாத நம்மவர்களுக்கும் இந்த அவஸ்தை உண்டு. தாராவியில் புதிதாக ஜிம்மில் சேர்ந்த இளைஞர்கள், சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கிய குமாஸ்தாக்கள் எல்லாம் ஞாயிறு வந்தால் பாயை விட்டு எழுந்திருப்பதில்லை. திங்கட்கிழமை உடம்பு மரக்கட்டையாகி விடுகிறது. "நமக்கு இது ஒத்து வராது" என்று பயிற்சியையே விட்டு விடுகிறார்கள். கட்டிய சந்தா போகிறது. சர்க்கரை அப்படியே இருக்கிறது.

வலி ஏன்?

தசையில் அமிலம் தேங்கி விட்டது என்று ஜிம்களில் சொல்வார்கள். அது பழைய கதை. பயிற்சியில் உண்டாகும் லாக்டிக் அமிலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் நீங்கி விடுகிறது.

பழக்கம் இல்லாத வேலை கொடுத்தால் தசை நார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அதை உடம்பு சரி செய்யும்போதுதான் வலி தெரிகிறது. 1 நாளில் இருந்து 3 நாட்களுக்குள் அது உச்சத்துக்கு வரும். படி இறங்கும்போதும், தூக்கிய பாரத்தை மெதுவாக இறக்கும்போதும் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. சிதைவும் அப்போதுதான் அதிகம்.

மெகா பிளாக்

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் நமக்குப் பழகிப்போன ஒன்று. தண்டவாளத்தைப் பழுது பார்க்க பாஸ்ட் லைனை மூடினால், வண்டிகளை ஸ்லோ லைனில் திருப்பி விடுகிறார்கள். (பயணிகள் திட்டுவது தனி விஷயம்.) போக்குவரத்து அடியோடு நின்று விடுவதில்லை. லீவு நாளில் உடம்பையும் அப்படித்தான் ஓட்ட வேண்டும்.

20 நிமிடம், அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தால் போதும். மாட்டுங்கா பைவ் கார்டன், சிவாஜி பார்க் என்று எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். கூட வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். அதுதான் அளவு. மேடு இல்லாத ரோட்டில் மெதுவாக சைக்கிள் மிதிக்கலாம். வெளியே போக முடியாவிட்டால் சால் அறையிலேயே தோளைச் சுழற்றி, கை கால்களை மடக்கி நீட்டலாம். பக்கத்து வீட்டுக்காரர் முந்துகிறாரே என்று பந்தயம் போட்டால் அது ஓய்வு நாள் அல்ல, ஏழாவது பயிற்சி நாள்!

இதனால் தசை சீக்கிரம் ஆறி விடும் என்று சொல்வதற்கில்லை. ரத்த ஓட்டம் கூடுகிறது, இறுக்கம் தளர்கிறது, கொஞ்ச நேரத்துக்கு வலி குறைகிறது. மறுநாள் பயிற்சியைத் தொடர அந்த அளவு போதும். தசையை ஆற்றுவது தூக்கமும் சாப்பாடும்தான். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடக்கப் போக வேண்டாம்.

மூட்டை சுமப்பவர்களுக்கும் கட்டிட வேலை செய்பவர்களுக்கும் ஆறு நாளும் பயிற்சிதான். அவர்கள் முதலில் நன்றாகத் தூங்கட்டும். மாலையில் பத்து நிமிடம் காலாற நடந்தால் போதுமானது.

ஒரே மூட்டில் சுரீர் என்று வலி, வீக்கம் இருந்தால் நடக்கக்கூடாது. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சிதைந்த தசையின் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி அது. தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று இருந்து விடக்கூடாது.